ஆஃப் சிஸ்டர் அணைத்த தெரு

மைசூரில் சூரியனைத் தவிர மற்ற எல்லா வெளிச்சத்தையும் ஒரு தடவையாவது அணைத்துப் பார்த்தவர் ஒருவர்தான் இருக்கிறார். சூரியனையும் விட்டுவைத்திருக்க மாட்டார். சுவிட்ச் எட்டவில்லை, அவ்வளவுதான்.

விஜயநகரில் எங்கள் தெருவே அவரை ஆஃப் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டையரானவர். வெள்ளைச் சேலை, வார்டு நடை, கையில் குடை. குடை மழைக்கு இல்லை. உயரத்தில் இருக்கிற சுவிட்சைத் தட்ட.

நான் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவன். பூர்வீகம் ஹனூர் பக்கம், எங்கள் சாமி மாதேஸ்வரன் இருக்கிற மலையடிவாரம். ஏழாம் கிளாசோடு படிப்பை விட்டுவிட்டேன், ஆனால் பயப்படுவதில் பட்டமே வாங்கலாம். நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் போதும், கடைச் சாவியை மனைவி கையில் கொடுத்து, "பிள்ளைகளைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிடுகிற ஆள்.

கடை திறந்த புதிது. பட்டப்பகல். குடையோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். "என்ன வேணுங்க?" என்று கேட்டேன். எட்டி என் பல்பைத் தொட்டார். அதே கையால் என் நெற்றியைத் தொட்டார். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பல்புக்குத்தான் காய்ச்சல். உனக்கு ஒண்ணும் இல்லை தம்பி."

டக்கென்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போயே போய்விட்டார். நான் கல்லாவைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றேன். வந்தது திருடியா, டாக்டரா, மாதேஸ்வரன் மலையிலிருந்து இறங்கி வந்த ஏதாவது சக்தியா என்று சாயங்காலம் வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த அதிர்ச்சி நிற்கவே இல்லை. எங்கள் தெரு அசோசியேஷன் பிரசிடெண்ட், பேச்சுக்குப் பேச்சு 'ரீ' போடுகிற கன்னடக்காரர், ஒரு குளிர்காலக் காலையில் கீசர் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் கேட்டைத் திறந்து உள்ளே போய் மீட்டரைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "நாடி இப்படி ஓடினா ஆளு தாங்குமா?" என்று மெயினையே இறக்கிவிட்டார். தலை நிறைய நுரையோடு, இடுப்பில் துண்டோடு பால்கனிக்கு ஓடி வந்தார் பிரசிடெண்ட்.

"ஏன்ரீ சிஸ்டர்! மனுஷன் குளிக்கறதா வேண்டாமா?"

"பச்சைத் தண்ணி ரத்த ஓட்டத்துக்கு நல்லது சார். கண்ணை மூடிக்கோங்க, சோப்பு போகுது."

சர்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வெளிச்சத்தைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஜன்னலெல்லாம் வெயில். சிஸ்டர் எழுந்து போய், டியூப்லைட்டுகளை வரிசையாக அணைத்துவிட்டு வந்து முழங்காலிட்டார்.  அப்புறம் ஃபாதர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கத்தைத் தொடர்ந்தாராம்.

ஒரு நாள் நான் துணிந்து கேட்டேன். "சிஸ்டர், இப்பத்தான் சர்க்கார் புண்ணியத்துல பாதி வீட்டுக்குக் கரெண்ட் இலவசமாச்சே. சும்மா வர்றதை எதுக்குங்க அணைக்கணும்?"

"ரத்தத்தைக்கூடத்தான் ஜனங்க சும்மா குடுக்கறாங்க. அதுக்காகக் கீழே கொட்டுவியா?"

நான் பருப்பு அளக்கப் போய்விட்டேன். அவரே பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "ஒரு தடவை வார்டுல கரெண்ட் போச்சு தம்பி. அப்பப் பொறந்த குழந்தைக்கு மூச்சு வரல. மெழுகுவத்தியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வாயால ஊதினேன். பொழைச்சுக்கிச்சு. அன்னிலேருந்து, யாரும் இல்லாத ரூம்ல ஒரு பல்பு எரிஞ்சா என்னால கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியறதில்லை."

சொல்லிவிட்டு, என் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போனார். அதில் தயிர் இருந்தது.

இப்படியே போனால் எப்படி? பிரசிடெண்ட் ஒரு நாள் ஓசூருக்குப் போன் போட்டுவிட்டார். அங்கேதான் சிஸ்டரின் ஒரே மகன் டேவிட், ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அந்த வாரமே காரோடு வந்து இறங்கினார். சிஸ்டர் என் கடையில் சீயக்காய் வாங்கிக்கொண்டிருந்தார். டேவிட் அங்கேயே வைத்து ஆரம்பித்தார்.

"அம்மா, போதும். வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வாங்க. தெருவே கம்ப்ளெயிண்ட் பண்ணுது. இங்க உங்களுக்குன்னு யாரும்மா இருக்கா?"

சிஸ்டர் கையிலிருந்த சீயக்காய்ப் பொட்டலத்தைக் கல்லாமேல் வைத்தார்.   பிறகு குடையை ஊன்றி நிமிர்ந்தார்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். என் பேச்சைக் கேட்டு இந்தத் தெரு மொத்தமும் லைட்டை அணைச்சா நான் இங்கேயே இருப்பேன். ஒரே ஒரு வீட்டுல எரிஞ்சாலும் பெட்டியோட உன் கார்ல ஏறிக்கறேன்."

டேவிட் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் ஏன் சிரிக்க மாட்டார்? பிரசிடெண்ட் வீட்டுப் பால்கனியில் தசராவுக்குக் கட்டிய சீரியல் லைட் தீபாவளி தாண்டியும் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த மனுஷன் நுரையை மறந்திருப்பாரா?

சிஸ்டர் வீடு வீடாகப் போனார். என் மனைவிதான் முதலில் அலறினாள். "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டை இருட்டடிச்சா லட்சுமி எப்படிங்க வருவா?"

"உங்க சாமி விளக்கு எண்ணெயில எரியுதா, கரெண்ட்ல எரியுதா?"

"எண்ணெயிலதான்."

"அப்ப அது எரியட்டும். லட்சுமிக்கு டியூப்லைட் எதுக்கு?"

மனைவி அடங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. திருடன் வருவான் என்று பயந்தேன். பாம்பு வரும், யாராவது படியில் உருளுவார்கள், மறுபடி கரெண்ட் வரும்போது என் ஃப்ரிட்ஜ் வெடிக்கும் என்று பயந்தேன். நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பயந்துவிட்டேன். நடந்தது மட்டும் என் பட்டியலில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் டார்ச்சும் தடியுமாகக் கடை வாசலில் காவலுக்கு நின்றேன். இருட்டில் வீட்டுக்குள் இருந்தால் ஜனங்களுக்குப் பொறுமை போய்விடும், வெளியே வந்து உட்கார்ந்து பேசட்டும் என்று சிஸ்டர் சாமியானா கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துத் தன் வாசலில் வரிசையாகப் போட்டிருந்தார். எல்லாருக்கும் காபி உண்டு. கரெண்ட் அடுப்பு கூடாதே, அதனால் கேட்டுக்கு முன்னால் மூன்று கல் வைத்து, விறகைப் போட்டு நெருப்பு மூட்டி, தவலையில் தண்ணீர் ஏற்றியிருந்தார். ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி. எங்கள் தெருவிளக்கு மாசக்கணக்காகவே எரிவதில்லை. அதற்குத் தான் காரணம் இல்லை என்று சிஸ்டர் சொன்னதை யாரும் நம்பவும் இல்லை.

விசில் ஊதினார். வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. என் கடை அணைந்தது. எதிர்வீடு அணைந்தது. கடைசியில் பிரசிடெண்ட் வீடு மட்டும் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. அவர் பார்க்குக்கு வாக்கிங் போயிருந்தார். அவர் வீட்டம்மாவோ ஊரிலேயே இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது.

சிஸ்டர் அந்தப் பால்கனியையே கொஞ்ச நேரம் பார்த்தார். குடையைத் தூக்கினார். எட்டாது என்று அவருக்கே தெரிந்தது.

"அம்மா, பெட்டியை எடுத்து வைக்கட்டுமா?" என்றார் டேவிட். பாவம், குரலில் சிரிப்பு இல்லை.

"இரு. வர்றவங்களுக்குக் கொல்லைப்பக்கம் டம்ளர் தேடி எடுத்துட்டு வர்றேன்" என்று சிஸ்டர் உள்ளே போனார். டேவிட் பெட்டியைக் கார் பக்கம் கொண்டுபோனார்.

அப்போது பார்த்து மெயின் ரோட்டுப் பூக்காரம்மா தெருமுனைக்கு வந்தாள். ஒரு தெரு முழுக்க இருட்டு. ஒரு வாசலில் மட்டும் வரிசையாக நாற்காலி. கேட்டுக்கு முன்னால் விறகு நெருப்பு. எங்கள் பக்கத்தில் வாசலில் விறகு எரிந்தால் அர்த்தம் ஒன்றுதான், அது சாவு வீடு. யார் என்று கேட்பதும் முறையில்லை. வீட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்த வழியே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் பெரிய ரோஜா மாலை. பின்னால் ஜனம்.

நான் முதலில் சந்தோஷப்பட்டேன். அடேங்கப்பா, லைட் அணைக்கிறதுக்கு இவ்வளவு ஆதரவா! ஆனால் வந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் உலகத்துக்கு இழுத்தவர் சிஸ்டர்தான். அவர் மனைவி நாற்காலியில் விழுந்து, "எங்கம்மா மாதிரி திட்டுவாங்களே!" என்று விம்ம ஆரம்பித்தாள். கல்யாணமான பெண்கள், கைக்குழந்தையோடு பெண்கள், பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு. ஃபாதரே ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார்.

பூக்காரம்மா மாலையை என் கையில் கொடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. புத்தியுள்ளவன் என்ன சொல்லியிருப்பான்? "சிஸ்டர் உள்ளே டம்ளர் தேடறாங்க" என்று சொல்லியிருப்பான். எனக்கோ, உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லையே என்பது மட்டும்தான் தோன்றியது. இத்தனை பேர் தப்பாகவா அழுவார்கள்?

"மாதேஸ்வரா! போயிட்டாங்களா!" என்று நானும் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்தச் சத்தத்தில் டேவிட் பெட்டியை ரோட்டிலேயே போட்டார். "அம்மா!" என்று ஓடி வந்தவர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டார். ஆளாளுக்கு அவரைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள், அவரால் வாசலை நெருங்கவே முடியவில்லை.

பார்க்கில் செய்தி கேட்டு பிரசிடெண்ட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாசலைப் பார்த்தார். பிறகு தன் பால்கனியைப் பார்த்தார். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு.

"சீ! சாவு நடந்த தெருவுல என் வீடு மட்டும் டான்ஸ் ஆடுதே!" என்று பூட்டைத் திறந்து உள்ளே ஓடினார்.

பால்கனி அணைந்தது.

தெரு அப்படியொரு இருட்டாக இருந்து நான் பார்த்ததில்லை. பிரசிடெண்ட் தடவிக்கொண்டு வந்து நாற்காலியைப் பிடித்தபடி அழுதார். "நான்தான் ஓசூருக்குப் போன் பண்ணேன். கோபத்துல பண்ணேன். அந்தம்மா இல்லாம இந்தத் தெருவுல யார்ரீ நம்மைக் கேக்கறதுக்கு இருக்காங்க?"

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வெள்ளைச் சேலை. ஒரு கையில் தட்டு நிறைய டம்ளர். இன்னொரு கையில் மெழுகுவத்தி. வெளிச்சம் கீழிருந்து முகத்தில் அடிக்கிறது.

கூட்டம் போட்ட கூச்சல் சாமுண்டி மலைக்குக் கேட்டிருக்கும். ஃபாதர் சிலுவை போட்டார். பூக்காரம்மா நெருப்பைத் தாண்டியே ஓடினாள். பிரசிடெண்ட் நாற்காலியோடு சாய்ந்தார். சிஸ்டர் தட்டை என் கையில் திணித்துவிட்டு நேராக அவரிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நாடி ஓடுது. ஒண்ணுமில்லை. காலைத் தூக்கி வைங்க. ஏன் எல்லாரும் அழறீங்க? யாருக்கு அந்த மாலை?"

 அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"உங்களுக்குத்தாங்க சிஸ்டர்" என்றேன்.

அவர் மாலையைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். ஈரமான ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் மெழுகுவத்தியைக் கொண்டுபோய்ப் பார்த்தார். புரிந்துவிட்டது. கோபிக்கப் போகிறார் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"இத்தனை பேரா வருவீங்க?" என்றார். குரல் நர்ஸ் குரலாக இல்லை.

அப்புறம் நர்ஸ் குரல் திரும்பிவிட்டது. "சரி, உட்காருங்க. சாவு வீட்டுலதான் கை நனைக்கக் கூடாது. நான்தான் இருக்கேனே, காபி குடிச்சுட்டுப் போங்க."

டேவிட் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். எந்த வீட்டிலும் ஒரு பொட்டு லைட் இல்லை. போய் ரோட்டில் கிடந்த பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"அம்மா, கண்ணு தெரியல. ஒரே ஒரு லைட் போட்டுக்கட்டுமா?"

"ஒரு மணி நேரம் இன்னும் ஆகலை. சுவத்தைத் தடவிப் போ."

சிஸ்டர் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். குடையும் அப்படியே. பிரசிடெண்ட் வீட்டு சீரியல் லைட் தசரா முடிந்த மறுநாளே இறங்கிவிடுகிறது. எனக்குப் படபடப்பும் அப்படியேதான் இருக்கிறது. தினம் போய், "கொஞ்சம் நாடி பாருங்க" என்று நிற்க வெட்கமாக இருக்குமில்லையா? அதனால் பட்டப்பகலில் கடையில் ஒரு பல்பை எரியவிட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.