கரும்புக் கட்டுக்கு அடியில் ஒரு லீவர்

எதை வாங்கினாலும் அட்டவணை போட்டு, மார்க் கொடுத்து, கூட்டிப் பார்த்து வாங்குகிறவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நானும் அந்தக் கூட்டம்தான். இருபத்துமூன்று வயதில் ஒரு எஞ்சினுக்கு மார்க் போட்டேன். அந்த மானக்கேட்டை எங்கள் வீட்டில் இன்றுவரை சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். (போலீஸ் இல்லை. போல்ட்டை அளந்து பார்த்து 'ஓகே' என்று முத்திரை குத்துகிற வேலை. ஆனால் நடை என்னவோ போலீஸ் நடைதான்.) வீடு ஆவடியில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவேன். பக்தி ஒரு காரணம். பாடகர் குழுவில் இருந்த ஹெலன் இன்னொரு காரணம்.

ஹெலனுக்கு என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பா தேவசகாயம் சாருக்கு என்னை யாரென்றே தெரியாது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின் பிரிவு ஃபோர்மேன் அவர்.

"எங்கப்பாவுக்கு வாய்ப் பேச்சுப் பேசுறவங்களைக் கண்டாலே ஆகாது. உருப்படியா ஏதாவது செஞ்சு காட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து பொண்ணு கேளு" என்று ஹெலன் சொல்லிவிட்டாள்.

செய்து காட்ட எனக்கு ஒரு நாள் கிடைத்தது. எங்கள் சர்ச்சில் வருடாவருடம் அறுப்பின் பண்டிகை வரும். சபையார் வயலில் விளைந்தது, வீட்டில் வளர்த்தது என்று எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் மைதானத்தில் அவையெல்லாம் ஏலம் போகும். அந்த வருடம் வாலிபர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து, ரோடே தேவைப்படாமல் ஏரி, வரப்பு, மேடு, பள்ளம் எல்லாம் ஏறி இறங்கும் வண்டி ஒன்றை என் கையாலேயே செய்து, காணிக்கையை வயலிலிருந்து நேராக ஓட்டி வருவேன் என்று அறிவித்துவிட்டேன். கை தட்டினார்கள். (கை தட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.)

இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்தாயிற்று. பழைய ஸ்கூட்டர் சக்கரம் நான்கும் மாட்டியாயிற்று. எஞ்சின்தான் பாக்கி. என் கண் முன்னே மூன்று இருந்தன. முதலாவது, ஒரு மொபெட் எஞ்சின். நான் உட்கார்ந்ததும் அது ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிவிட்டது. இரண்டாவது, பாடியில் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஆட்டோ எஞ்சின். மூன்றாவது, என்னோடு வேலை செய்த குணாவின் வீட்டு டீசல் பம்புசெட் எஞ்சின். குணா நெமிலிச்சேரியில் பயிர் வைக்கிற குடும்பம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய இரும்புச் சக்கரத்தோடு, கைப்பிடி போட்டுச் சுற்றினால் கிளம்புகிற எஞ்சின் அது.

"மச்சான், இத்த ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ட்டேன்னு வையி, நிக்கவே நிக்காது மாமே! மழையா இருந்தாலும் ஓடிக்கினே இருக்கும்" என்றான் குணா.

எவ்வளவு நல்ல குணம் என்று நினைத்தேன். பதினொரு கட்டம் போட்டு அட்டவணை வரைந்தேன். சக்தி, உழைப்பு, சத்தம், டீசல் செலவு, சேற்றில் இழுவை, பார்வைக்குக் கம்பீரம் என்று இன்னும் பல. கூட்டிப் பார்த்ததில் பம்புசெட் எஞ்சின் மற்ற இரண்டையும் மண்ணைக் கவ்வ வைத்தது. அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு, ஆராதனை முடிந்து வெளியே வந்த தேவசகாயம் சாரிடம் போய் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தம்பி, ஆட்டோ எஞ்சினே போட்டுடுங்க. கிளட்ச் இருக்கு, கியர் இருக்கு. இது எப்படி நிக்கும்?"

"சார், முதல்ல ஓடறதைப் பத்திப் பேசுவோம் சார்" என்றேன்.

எஞ்சின் ஃபோர்மேனிடம்! அதுவும் பெண் கேட்கப் போகிறவரிடம்! இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட வேண்டும் போலிருக்கிறது. அவர் அட்டவணையை நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வண்டி நிற்பதற்கு நான் ஏற்பாடு செய்யாமல் இல்லை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு பெல்ட். என் கைப்பக்கத்து லீவரை ஒரு பக்கம் தள்ளினால் பெல்ட் இறுகும், வண்டி நகரும். மறுபக்கம் இழுத்தால் தளரும், வண்டி நிற்கும். அதுவும் போதாவிட்டால் எஞ்சினின் பின்புறத்தில் டீசலை அடைக்கும் சின்ன லீவர் ஒன்று இருந்தது. அதை அமுக்கினால் எஞ்சினே செத்துவிடும். போதாதா?

பண்டிகையன்று காலை குணாவின் வயலிலிருந்து கிளம்பினோம். அவன் அப்பாவிடம் எஞ்சின் சர்வீஸுக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தான். எஞ்சினைச் சுற்றிப் பூசணி, வாழைத்தார், தேங்காய், கால் கட்டிய சேவல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, பின்புறம் அழகாக இருக்கட்டும் என்று ஒரு பெரிய கரும்புக் கட்டு. நானே கயிறு போட்டு, முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டினேன். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் இறங்கி ஏறி வந்தோம். எஞ்சினைக் குளிர்விக்க மேலே வைத்திருந்த தண்ணீர் டிரம் தளதளவென்று கொதிக்க, 'டுப்பு டுப்பு' என்று சர்ச் மைதானத்துக்குள் நுழைந்தபோது சபையே எழுந்து நின்றது. ஹெலன் சர்பத் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தேவசகாயம் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் புன்னகையோடு லீவரை இழுத்தேன்.

லீவர் கையோடு வந்துவிட்டது. போல்ட் முறிந்திருந்தது. எங்கள் கம்பெனி போல்ட். நானே பார்த்து 'ஓகே' குத்தியது.

பெல்ட் இறுகியபடியே இருக்க, வண்டி போய்க்கொண்டே இருந்தது. பிரேக்கை மிதித்தேன். கருகல் வாசனை வந்ததோடு பிரேக் தன் கடமையை முடித்துக்கொண்டது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, ஒரு ஆள் வேக நடை போட்டால் கூடவே வரலாம். அதுதான் கொடுமை. எல்லோரும் கூடவே வந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே பஸ் ரோடு என்பதால் யாரோ கேட்டைச் சாத்திவிட்டார்கள். சுவரில் மோதலாம் என்றால் குணா பக்கத்தில் ஓடிக்கொண்டே கத்தினான்: "டேய், செவுத்துல கொண்டுபோய் உட்டுடாதடா! எஞ்சினுக்கு ஒண்ணு ஆச்சு, எங்கப்பன் என்னிய ஊட்டுக்குள்ளயே சேக்க மாட்டான்!"

"எவ்ளோ நேரம்டா ஓடும்?"

"டேங்க்கு ஃபுல்லு மச்சான். சாய்ங்காலம் வரிக்கும் ஓடும்!"

மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அடியில் மாட்டிக்கொண்ட டீசல் லீவரை எட்டுவதற்காகக் குணா கரும்புக் கட்டை இழுக்கப் போனான். அப்போதுதான் மைக்கில் எபநேசர் சார் குரல் வந்தது. அவர் கணக்கு வாத்தியார். ஏலம் விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "யாரும் கை வைக்கக் கூடாது! அது காணிக்கைப் பொருள். ஏலம் போகாம ஒரு வாழைப்பழம் கூட இறங்கக் கூடாது!"

"சார், வண்டி நிக்கலை சார்!" என்று நான் அலறினேன்.

"பரவால்ல தம்பி, நீங்க ஓட்டுங்க. பொருள் எல்லாருக்கும் நல்லாத் தெரியுது. பூசணிக்காய்... ஒரு தரம்!"

ஏலம் எடுத்தவர்கள் கூடவே ஓடி வந்து அவரவர் பொருளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பூசணி ஒரு சுற்றில் போயிற்று. வாழைத்தாருக்கு இரண்டு பேர் போட்டி போட்டதில் எனக்கு நான்கு சுற்று. அம்மா ஒரே இடத்தில் நின்று, சுற்றுக்கு ஒரு வாக்கியமாகத் திட்டினாள். "எறங்கி வாடா, எல்லாரும் பாக்குறாங்க!" அடுத்த சுற்றில், "சொல்றது காதுல விழுதா?" அதற்கடுத்த சுற்றில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் நான் யாரோ என்பது போல் பேச ஆரம்பித்துவிட்டாள். டீ கொடுக்கிறவர் ஒரு சுற்றில் கிளாஸை நீட்டி, மறு சுற்றில் வாங்கிக்கொண்டார். "சக்கரை போதுமா தம்பி?" என்று வேறு கேட்டார்.

"குதிடா! குதிச்சுடு!" என்று ஒரு இருபது பேர் கத்தினார்கள். நான் குதிக்கவில்லை. நாலாபக்கமும் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையாக விலக்கி விலக்கி ஓட்டினேன்.

சேவலும் போயிற்று. கடைசியில் கரும்புக் கட்டு மட்டும் மிச்சம். அதை எடுக்க ஒரு ஆள் இல்லை! காலையிலேயே பத்துக் கட்டு ஏலம் போயிருந்தது. "கரும்பு... கரும்பு... யாராவது கேளுங்கப்பா" என்று எபநேசர் சாரே கெஞ்சினார். டிரம்மில் தண்ணீர் வற்றி ஆவி அடித்தது. எஞ்சின் இறுகிப் போனால் குணா கதி அவ்வளவுதான், என் கல்யாணமும் அவ்வளவுதான். அலுத்துப்போன எபநேசர் சார், "சரி, கரும்போட அந்த ஓட்டுற பையனையும் சேத்துக்குங்க! கரும்பு ஒரு கட்டு, பையன் ஒண்ணு. ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார்.

மைதானமே சிரித்தது. யாரும் கேட்கவில்லை. பெற்ற தாயே கேட்கவில்லை.

"ஒரு ரூபா" என்றது ஒரு குரல். தேவசகாயம் சார்.

அவர் நிதானமாக வண்டியோடு நடந்து வந்தார். பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்தார். கரும்பை இறக்கினார். சின்ன லீவரை ஒரு விரலால் அமுக்கினார். டுப்பு... டுப்... அவ்வளவுதான், நின்றுவிட்டது. நான் உடனே இறங்கவில்லை. களைப்பு என்று நினைத்து ஹெலன் சர்பத் கொண்டுவந்தாள்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர் என் அப்பாவிடம் சொன்னார்: "ஊரே குதி குதின்னுது. பையன் குதிக்கலை. கடைசி வரைக்கும் ஸ்டியரிங்கை விடலை. எனக்கு அது போதும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால், என் புது பேன்ட்டின் பின்பாக்கெட் சீட்டுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கொக்கியில் மாட்டியிருந்தது. டெய்லர் இரட்டைத் தையல் போட்டிருந்தார். நான் முதல் சுற்றிலேயே குதிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் சர்பத் குடித்து முடிப்பதற்குள் பேன்ட்டைக் கொக்கியிலிருந்து விடுவித்தது யார் என்று எனக்கு அன்று தெரியவில்லை. தானாகக் கழன்றுகொண்டது என்றே நம்பினேன்.

கல்யாண வரவேற்பில் மாமனார் மைக்கைப் பிடித்தார். "மாப்பிள்ளையை நான் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிட்டேன். ரசீது இருக்கு" என்று பையிலிருந்து சர்ச் ரசீதை எடுத்து வாசித்தார். எபநேசர் சாரின் கையெழுத்து. "கரும்பு, ஒரு கட்டு. பையன், ஒன்று. பேன்ட் மாட்டியிருந்தபடியால், கொக்கியும் சேர்த்து."

வண்டியிலிருந்து அவர் கழற்றிக்கொண்டு போன அந்தக் கொக்கி இன்றும் மாமனார் வீட்டுச் சுவரில் அடித்திருக்கிறது. எப்போது போய்ச் சட்டையைக் கழற்றினாலும், நாற்காலியிலிருந்தபடியே கையைக் காட்டிச் சொல்வார்: "மாப்ள, அதுல மாட்டுங்க. உங்களுக்குப் பழகின கொக்கிதானே."