கோட்டாற்றில் நான் அமீனாவான நாள்

திட்டம் போட்டு வேலை செய்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நானேதான் பரப்பினேன். (வேறு யாராவது பரப்புவார்கள் என்று கொஞ்ச காலம் காத்திருந்து பார்த்தேன். நடக்கவில்லை.)

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். கம்பெனி என்றால் முதலாளி, நான், முதலாளியைவிடக் கனமான ஓர் இரும்புப் பெட்டி. வியாபாரம் வளர்ந்ததும் ஆபீசை மட்டும் நாகர்கோவிலில் கோட்டாற்றுக் கடைத்தெருவுக்கு மாற்றிவிட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது.

"தாணு, நீ படிச்சவன்லா? ஒரு கொறையும் வராம ஆபீச அங்க கொண்டு எறக்கணும்" என்றார். பாதியை ஏற்கெனவே இறக்கிவிட்டவன் மாதிரி நான் தலையாட்டினேன்.

இதில் எனக்குச் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. இரணியலில் எனக்கு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் ராஜம். ஒரு திருவிழாவில் அவளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வேறு பெண் பார்க்கும் எண்ணமே எனக்கு இல்லை. அவளுடைய அப்பா ஜவுளிக்கடைக்காரர். அவர் என்னையோ நான் அவரையோ கண்ணால் கண்டதில்லை. பையன் வேலை பார்க்கிற இடத்தைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று தரகரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். 'வெள்ளிக்கிழமை காலையில் கோட்டாற்றுக்கு வரட்டும், புது ஆபீசில் என் மேசையைப் பார்க்கட்டும்' என்று நானே சொல்லியனுப்பினேன். (யாரும் கேட்கவில்லை. நானே.)

என் திட்டம் எளிமையானது. மேசை, நாற்காலி, பெஞ்சு, அலமாரி எல்லாவற்றிலும் சாக்பீசால் பெரிதாக நம்பர் போட்டேன். புது ஆபீசின் தரையிலும் அதே நம்பர்கள். நம்பரைப் பார்த்து வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முதலாளியம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "புது எடத்துல பால் காச்சாம ஒரு தூசு உள்ள கேறப்பிடாது. அதும் எங்க மாமனாரு மொதக் கட தொறந்தப்பம் காச்சின வெங்கலப் பானையிலதான் காச்சணும்."

அவ்வளவு முக்கியமான பானை வழியில் நசுங்கினால் என்ன ஆவது? யோசித்தேன். பானையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இரும்புப் பெட்டி கனமானது என்பதால் அதை லாரியில் முதலில் ஏற்றி, உள்ளே கடைசிவரை தள்ளி, மற்றச் சாமான்களை அதற்குப் பின்னால் அடுக்கினேன். இந்த இரண்டு முடிவுகளையும் தனித்தனியாகப் பார்த்தால் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி கோட்டாறு வந்து சேர்ந்தது. முதலாளியம்மா பால் தூக்குவாளியோடு வாசலில் நின்றார்.

"தாணு, பானை எங்க?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு."

"பெட்டி எங்க?"

"லாரிக்குள்ள."

"லாரிக்குள்ள எங்க?"

நான் லாரியின் அந்தக் கோடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். முதலாளி பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பால் காய்ச்சாமல் சாமானை உள்ளே கொண்டுபோக முடியாது. சாமானை இறக்காமல் பானையை எடுக்க முடியாது. ஆகவே ஆபீஸ் முழுவதையும் தெருவில் இறக்கினோம். பெட்டியை அடைந்து, திறந்து, பானையை வெளியே எடுத்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது.

"இனி ராவுகாலம் கழியட்டு" என்று பானையை முந்தானையால் மூடிக்கொண்டார் முதலாளியம்மா.

வெயில் ஏறியது. முதலாளி சாமான்களுக்கு நடுவில் தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கடைத்தெருவில், சாமானெல்லாம் வெளியே கிடக்க, ஒரு முதலாளி தலையில் துண்டோடு உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கு அது தோன்றவில்லை. நான் ஏற்றி இறக்கியதில் அழிந்துபோன நம்பர்களை மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்துக் கருப்பட்டிக் கடைக்காரர். "ஜப்தியா மக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அவர் என் கையிலிருந்த சாக்பீசைப் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டவர் போலப் போனார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் சுவர்க்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஒருவர் பெஞ்சைத் தட்டி, பலாத்தடி என்று மற்றவர்களுக்கு அறிவித்தார்.

"அமீனா சாரே, ஏலம் எப்பம்?"

கோர்ட்டிலிருந்து ஜப்தி செய்ய வந்த அமீனா நானாம். இல்லையென்று தொண்டை வற்றச் சொன்னேன். "அவரு சொல்ல மாட்டாரு. கோர்ட்டு ரகசியமாக்கும்" என்று கருப்பட்டிக் கடைக்காரர் விளக்கம் சொன்னார். அதோடு என் பொறுமை போயிற்று. இனிமேல் கேட்கிறவனுக்குக் கேட்கிற பதில்தான் என்று முடிவு கட்டினேன்.

அப்போதுதான் குடையும் தோளில் ஜரிகை நேரியலுமாக ஒரு பெரிய மனிதர் வந்தார். முதலாளியின் தலைத்துண்டைப் பார்த்தார். நம்பர்களைப் பார்த்தார். என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாரே, கம்பெனி முழுசும் போச்சா?"

"முழுசும் போச்சு."

"இங்க ஒரு கிளார்க்குப் பையன் உண்டும்லா?"

"அவனையும் ஏலத்துல போட்டிருக்கு. எடுக்கத்தான் ஆளில்ல."

அவர் "எம் பிள்ளைய தெய்வம் காப்பாத்திச்சு" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். நான் அடுத்த நாற்காலிக்கு நம்பர் எழுதக் குனிந்தேன். பாதி எழுதும்போதுதான் அந்தப் 'பிள்ளை' யாரென்று எனக்குப் புரிந்தது.

"மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் திரும்பிப் பார்த்தார். சாக்பீசும் கையுமாக அமீனா துரத்தி வருகிறான். அந்த வயதில், அந்த உடம்போடு, அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை.

"எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு பெந்தமும் இல்ல சாரே! நான் சும்மா பாக்க வந்தவனாக்கும்!"

இரணியல் பஸ்ஸில் அவர் ஏறிவிட்டார். நானும் தொற்றி ஏறி, அவர் காலடியில் மூச்சு வாங்க உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பானை, பெட்டி, ராகுகாலம், எதையும் விடவில்லை. ராஜம் கிடைக்காமல் போய்விடுவாள் என்ற பயத்தில் சிலவற்றை இரண்டு தடவை சொன்னேன். (அழுதேனா என்று ராஜம் இப்போதும் கேட்பாள். கண்ணில் தூசி.)

"அப்பம் அந்த அமீனா?"

"நான்தான்."

"ஏலத்துல போட்ட கிளார்க்கு?"

"அதும் நான்தான்."

கண்டக்டர் சிரித்ததில் டிக்கெட் கட்டைக் கீழே போட்டுவிட்டார். மாமா சிரிக்கவில்லை. குடையை ஊன்றி எழுந்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கி, என்னோடு திரும்பி நடந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் கழிந்து பால் பொங்கியிருந்தது. சாமான்கள் நம்பர்படி உள்ளே போய்க்கொண்டிருந்தன. முதலாளி தலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, "தங்கமான பையனாக்கும். கொஞ்சம் கூடுதலா யோசிப்பான்" என்று எனக்குச் சிபாரிசு செய்தார். மாமா என் மேசையைச் சுற்றி வந்து பார்த்து, ஒரு தம்ளர் பாலைக் குடித்து முடித்து, தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

கல்யாணத்துக்குச் சீர் சாமான்கள் வண்டியில் வந்து இறங்கின. குத்துவிளக்கிலிருந்து முறம் வரைக்கும் சாக்பீசால் நம்பர் போட்டிருந்தது. பால் பானை மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணுக்குத் தெரியும்படி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "எறக்கும்போ மாப்பிளைக்குக் கொழப்பம் வரப்பிடாதுல்லா" என்றார் மாமா. பந்தலே சிரித்தது.

போன வாரம் பேத்தி ராஜத்திடம், "தாத்தாவ எதுக்குப் பாட்டி கெட்டினிய?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை விரித்துப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்தாவது நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று நப்பாசை.

ராஜம் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏலத்துல போட்டிருந்தாவ மக்கா. வேற ஆரும் கேக்கல்ல."