கெராசிம் பெரியவர் உயிரோடு போட்ட கருமாதிச் சாப்பாடு

வலேனி, அக்டோபர் 9

மதிப்புக்குரிய அக்கா ப்ரொஃபிராவுக்குத் தம்பி ஹரலம்பி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே டூரினில் நீ, அத்தான், அத்தானின் முழங்கால் எல்லாம் சௌக்கியம்தானே. நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

பள்ளிக்கூடச் சமையலறையை மூடி என் வீட்டுக்காரி ஸ்மரந்தாவை வேலையிலிருந்து அனுப்பியதும் அவள் சும்மா இருந்திருக்கலாம். "முந்நூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்ட கை இது. உங்க ஒருத்தருக்கு சூப்பு வச்சா துருப்பிடிச்சிடும்" என்று, விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கிவிட்டாள். சோதிக்க வந்த அதிகாரி இறைச்சி கழுவ ஒரு தொட்டி, காய்கறிக்கு ஒன்று, கை கழுவ ஒன்று வேண்டும் என்றார். மூன்றாவதற்குக் குளியலறையில் முகம் கழுவும் தொட்டியைக் கழற்றிக் கொடுத்தேன். ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற நான், இப்போது முற்றத்துக் குழாயடியில் கோழிகள் வேடிக்கை பார்க்கச் சவரம் செய்கிறேன்.

முதல் ஆர்டர் கெராசிம் பெரியவருடையது. எண்பத்துநாலு வயது, மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை இல்லை. தனக்குப் பின்னால் கருமாதிச் சாப்பாடு போட ஆள் இருக்காது என்று, நம் பக்கத்து வழக்கப்படி உயிரோடு இருக்கும்போதே போட்டுவிட முடிவு செய்தார். நாற்பது பேருக்கு. மூன்று நாள் எங்கள் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு சட்டியையும் ருசி பார்த்து "உப்பு பத்தல" என்பார். ஸ்மரந்தா முறைத்தால், "சாவு என்னோடதும்மா, ருசியும் என் இஷ்டம்தான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்து ஜெபித்தார், எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியவர் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மாலே பதினேழு தின்றார், நானே எண்ணினேன், மேலே மூன்று கோப்பை பிளம் சாராயம், அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தார். நாற்பது பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வெளிச்சமில்லாமல் போகக் கூடாதே என்று யாரோ மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அவர் கையில் திணித்தார்கள். எப்படியும் வந்தாயிற்றே என்று பாதிரியார் மறுபடி புத்தகத்தைத் திறந்தார். ஸ்மரந்தா "முதல் ஆர்டர்லயே ஆளக் கொன்னுட்டேனே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது பெரியவர் கண் திறக்காமலே சொன்னார்: "மெழுகுவர்த்தியத் தள்ளிப் பிடிங்கடா, மீசை கருகுது."

தூங்கியிருக்கிறார், அக்கா. வெறும் தூக்கம்.

ஆனால் அவர் எழுந்திருப்பதற்குள் செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. மறுநாள் காலை, மகள் கல்யாணத்துக்கு நூற்றிருபது பேர் சாப்பாடு சொல்லியிருந்த ஜம்ஃபிரா வந்து வேண்டாம் என்றாள்.

"அவர் உசுரோடதானேம்மா இருக்காரு?" என்றேன்.

"இருக்காரு. எத்தனை நாளைக்கு? எங்க சம்பந்தி வீட்டுல எல்லாம் வயசானவங்க."

அன்றிலிருந்து ஸ்மரந்தா அடுப்பு மூட்டவில்லை. காலையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு காலிச் சட்டிகளுக்கு நடுவில் உட்காருகிறாள், மாலையில் அவிழ்த்து மடித்து வைக்கிறாள். கேட்டால் "யாருக்கு ஆக்கறது" என்கிறாள். ரொட்டியும் வெங்காயமும்தான் தின்கிறோம். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆகவே அக்கா, அங்கே இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஏதாவது எங்கள் இருவருக்கும் பார். தூக்கி உட்காரவைப்பேன், துடைத்துவிடுவேன், திட்டினால் கேட்டுக்கொள்வேன். சமைக்க மட்டும் சொல்லாமல் இருக்கட்டும்.

மாதா உங்கள் வாசலைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

தம்பி,
ஹரலம்பி

பின்குறிப்பு: மூன்று நாளாகத் தபால்காரர் வராததால் இதையும் சேர்க்கிறேன். எங்களுக்கு அங்கே வேலை தேட வேண்டாம். கெராசிம் பெரியவரே விஷயம் கேள்விப்பட்டு வந்து, ஸ்மரந்தாவை அதட்டி ஒரு சட்டி சர்மாலே ஆக்க வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஜம்ஃபிரா வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, தெருவே பார்க்க முழுவதையும் தின்றுவிட்டு, மாடுகள் வீடு திரும்பும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். "செத்தேனான்னு பாத்துக்கம்மா" என்றாராம். ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. கல்யாணம் சனிக்கிழமை. அதுவரை அவர் உயிரோடு இருந்தாக வேண்டும் என்பதால் ஸ்மரந்தா மூன்று வேளையும் அவருக்குக் கஞ்சி கொண்டுபோகிறாள், அவர் தெருவைக் கடக்கும்போது நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். நேற்று ஒரு தும்மல் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் தூங்கவில்லை.