கூடைக் கழிவு

கணிதம் பிறந்த இடம் எது என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்களாம். வீண் வேலை. எங்கள் தேயிலை எஸ்டேட்டின் எடைக் கொட்டகைதான் அது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையால், நாற்பது வயதுக்கு மேல் அகரம் எழுதிப் பழகியவன் சொல்கிறேன், நம்பலாம்.

1974-இல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் வரிசையாகக் கவிழ்வதைக் கண்டு நிர்வாகம் 'மனம் வருந்தியது'. கூட்டம் கூடியது. டீ குடித்தது. 'முழு எண் கணிதப் பயிற்சி வகுப்பு' உதயமானது. ஆசிரியர், கணக்கப்பிள்ளை சுவக்கீன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், அந்திக் கொழுந்து நிறுக்கும்போது பறித்த பெண்களின் அன்றைய மூன்று நேர எடையைக் கூட்டிச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் படிப்பு; சுவக்கீனுக்கு ஓய்வு.

என் மகள் ஞானஜோதி அந்த வகுப்பின் முத்து.

"காலையில பதினாலு, மதியம் பதினெட்டு, அந்திக்குப் பதினொண்ணு. எவ்வளவு புள்ள?" என்பார் சுவக்கீன்.

"நாப்பத்தி மூணு."

"கூடைய எங்க விட்ட?"

"கூடைக்கு ஆறு போக, முப்பத்தேழு."

"இப்பத்தான் உனக்குக் கணக்கு வருது!"

ஒவ்வொரு எடைக்கும் கூடைக்கென்று இரண்டு கிலோ கழிப்பது எங்கள் எஸ்டேட்டின் புராதன வழக்கம். கொழுந்தைத் தராசுத் தட்டில் கொட்டித்தான் நிறுப்பார்கள். கூடை தராசில் ஏறுவதே இல்லை. அதற்காகக் கூடையை அவமதிக்கலாமா?

என் மனைவி கத்தரீனாளுக்கு இந்த நாகரிகம் புரியாது. "கூடை என் முதுகுல கெடக்கு கணக்கப்பிள்ளை, தராசுல இல்ல" என்றாள் ஒருநாள்.

"சும்மா கெட. பிள்ளைங்க படிக்குதுல்ல?"

பள்ளியில் மாதிரிப் பரீட்சை வந்தது. அதில் தோற்றால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லையென்றால் கோட்டயத்தில் நர்ஸ் படிப்பும் இல்லை; அம்மாவின் கூடை மகளுக்கு. பரீட்சை முடிந்து கணக்கு சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். ஞானஜோதி தலைகுனிந்து நின்றாள்.

"இதென்னா மோளே? ஒரு பஸ்ஸில முப்பத்தஞ்சு ஆளு, இன்னொண்ணில நாப்பத்தேழு. மொத்தம் எழுபத்தெட்டா?"

"கூடைக்கு நாலு கழிச்சேன், சார்."

"ஏது கூடை? பஸ்ஸில ஏறினது ஆளுகளாக்கும்! நாலு பேரை எங்க எறக்கி விட்டே?"

எங்கள் எஸ்டேட்டில் இறக்கி விட்டதை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"திங்களாழ்ச்ச மறுபடி எழுதணும். அதிலயும் கூடை வந்தா ஹால் டிக்கெட் இல்லா."

சனி, ஞாயிறு வீட்டில் வேறு வேலை நடக்கவில்லை. மகள் கூட்டுவாள்; விடைக்குக் கீழே பென்சில் தானாகக் கழிக்கப் போகும். கத்தரீனாள் அடுப்படியிலிருந்தே கத்துவாள்: "கூடைய கீழ வையிடி!"

திங்கட்கிழமை ஞானஜோதி தேறினாள்.

அன்று அந்திக்கும் வகுப்பு இருந்தது. தராசு முன்னால் கத்தரீனாள். "பதினஞ்சு, பன்னெண்டு, பதினேழு. சொல்லு புள்ள" என்றார் சுவக்கீன்.

"நாப்பத்தி நாலு."

"கூடை?"

"அம்மா முதுகுல இருக்கு, அய்யா."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்து வந்த பிள்ளையும் கூட்டியது, கழிக்கவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே.

மறுநாள் காலை கொட்டகைச் சுவரில் அறிவிப்பு. நான்தான் எழுத்துக் கூட்டி எல்லோருக்கும் வாசித்தேன்: 'மாணவர்களின் கணிதத் தரம் திடீரென வீழ்ச்சியடைந்ததால், பயிற்சி வகுப்பு வருத்தத்துடன் நிறுத்தப்படுகிறது.'

கீழே இன்னொரு வரி: 'இன்று முதல் கூடைக்கு மூன்று கிலோ.'

குறை சொல்ல முடியாது. அதுவும் முழு எண்தான்.