மீன் அண்ணை நிற்கப் பழகிய பனிக்காலம்

அபி, மது, இதை நீங்கள் இரண்டு பேரும் ஆறுதலாக இருந்து வாசிக்கவேண்டும். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்துங்கள். விஷயத்தில் பிழை இல்லை. இந்த ரொறன்ரோவில், ஏரிக்கரை தொடங்கி வடக்கே மார்க்கம் நகர் வரைக்கும், ஒற்றைக் காலில் அதிக நேரம் நின்ற மனிதர் மீன் அண்ணைதான். தவம் செய்கிற முனிவர் யாராவது இங்கே வந்து குடியேறியிருந்தாலும் அவருக்கு இரண்டாம் இடம்தான் கிடைத்திருக்கும்.

மது, உனக்கு அவரைத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. அபி, உனக்கு நினைவிருக்கும். உன்னுடைய ஐஸ் ஹொக்கி ரீமில் கோல் காத்தாளே சங்கவி, அவளுடைய அப்பா. ரெக்ஸ்டேலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில், தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர். ஒருமுறை அவருடைய பெயரைக் கேட்டேன். ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு யோசித்தார். "மீன் அண்ணை எண்டே சொல்லும். மனிசியும் இப்ப அப்பிடித்தான் கூப்பிடுறா" என்றார். இப்போது அவர்கள் கல்கரிக்குப் போய்விட்டார்கள். அங்கே என்ன பெயரோ தெரியாது.

ஞாயிறு காலையில் அபியைக் கூட்டிக்கொண்டு ஐஸ் அரங்குக்குப் போவேன். அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போனால் வெளியே இருக்கிற ஊர் கழன்று விழுந்துவிடும். விமான நிலையத்தில் ஆறு நாள் பெட்டி தூக்கிய முதுகும் கழன்றுவிடும். ஐஸிலிருந்து மெல்லிய புகை எழும்பிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் சப்பாத்துக்கு அடியில் பூட்டிய ஸ்கேற் அலகுகள் ஐஸைச் சீவுகிற சத்தம், பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவுவதைப் போல விட்டுவிட்டுக் கேட்கும். நாங்கள், அப்பாமார், கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அரை நித்திரையில் அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். யார் கோல் போட்டது என்று பிள்ளைகள் பிறகு கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

எங்களை எழுப்பியது கோச் ஆர்த்தி. இங்கே பிறந்த பிள்ளை, இருபத்துமூன்று வயது, குரல் மட்டும் தலைமை ஆசிரியருடையது. புதுவருடம் பிறந்த கையோடு எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"சீசன் முடிய அப்பாமாருக்கும் பிள்ளையளுக்கும் ஒரு மட்ச் வைக்கப்போறம். ஓகே? ஆனால் ஒரு ரூல் இருக்கு. ஸ்டொப் பண்ணத் தெரியாத ஆக்களை ஐஸிலை விடமாட்டன். நீங்கள் பெரிய ஆக்கள், அதுகள் சின்னன். இடிச்சால் முறிஞ்சிடும். மார்ச் முதல் ஞாயிறு டெஸ்ட்."

முதலில் கை தூக்கியவர் மீன் அண்ணை. அதற்கு முன் ஐஸில் கால் வைத்தே அறியாத மனிதர். சங்கவி அன்றைக்கே ரீம் முழுவதற்கும் சொல்லிவிட்டாள், "என்ரை அப்பா விளையாடுறார்" என்று.

எட்டுப் பேர் பழகப் போனோம். முதல் நாள் ஆர்த்தி ஐஸைக் கண்ணிலும் காட்டவில்லை. நடைகூடத்துச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினாள்.

"ஸ்கேற்றிங் எண்டது நடக்கிறதில்லை, அங்கிள். காலைப் பின்னுக்குத் தள்ளக்கூடாது, பக்கத்துக்குத் தள்ளவேணும். அதுக்கு முழங்கால் மடங்கவேணும், தொடையிலை பலம் வேணும். இப்ப சுவரிலை முதுகைச் சாய்ச்சு, கதிரையிலை இருக்கிற மாதிரி இருங்கோ."

"கதிரை எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

"கதிரை இல்லை. அதுதான் எக்ஸர்சைஸ்."

எட்டு அப்பாமாரும் இல்லாத கதிரையில் இருந்தோம். இருபது எண்ணுவதற்குள் என் தொடை இரண்டும் தையல் மெஷின் மாதிரி ஆடத் தொடங்கின. முப்பதில் நான் தரையில். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். மீன் அண்ணை மட்டும் கண்ணை மூடி, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இருந்தார்.

"அங்கிள், எழும்பலாம்" என்றாள் ஆர்த்தி.

"பரவாயில்லைப் பிள்ளை. வசதியாய்த்தான் இருக்கு."

அன்றிலிருந்து அவர் பயிற்சியைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். ஒற்றைக் காலில் நின்றுதான் மீன் வெட்டுவார். அறக்குளாவுக்கு இடது கால், விளைமீனுக்கு வலது கால். பெரிய மீன் வந்தால், வெட்டிக்கொண்டே அந்த ஒற்றைக் காலை மெல்ல மடக்கி இறங்கி, மெல்ல எழும்புவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை அஸ்தமிப்பதும் உதிப்பதுமாக இருக்கும்.

வாடிக்கையாக வருகிற ஒரு அன்ரி பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "என்ன தம்பி, மீன் கடைக்குள்ளை கொக்கு நிக்குது?"

"அன்ரி, கொக்கு முழுசாய் விழுங்கிப்போடும். நான் துப்பரவாக்கி வெட்டித் தாறன். துண்டு சின்னனோ பெரிசோ?"

ஆள் இல்லாத நேரத்தில் ஐஸ் பெட்டிகளுக்கு மேலால் பக்கவாட்டில் பாய்வார். இடது பக்கம் ஒரு பாய்ச்சல், வலது பக்கம் ஒரு பாய்ச்சல். விழுகிற கால் ஆடாமல் நிற்கவேண்டும், பிறகுதான் அடுத்தது. மீன்கள் எல்லாம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் லிப்டை மறந்தார். பதினாலு மாடியும் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியால் ஏறினார். அவருடைய மனைவி ஒருநாள் கடையில் என்னைக் கண்டு முறையிட்டார்.

"உங்கடை சிநேகிதரைக் கேளுங்கோ. நித்திரையிலையும் பக்கத்துக்குத் தள்ளுறார். நான் இப்ப சோபாவிலை படுக்கிறன்."

பஸ் தரிப்பிலும் அவர் இல்லாத கதிரையில்தான். ஒருநாள் பனி பூப்போல விழுந்துகொண்டிருந்ததாம். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வந்து, இவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் பக்கத்தில் அப்படியே இருந்தாராம். பஸ் வரும்வரை இரண்டு பேரும் எழும்பவில்லையாம். தோளில் பனி ஏறிக்கொண்டே இருந்ததாம். இது மீன் அண்ணை சொன்னது. நான் பாதி நம்பினேன். மற்றப் பாதியைக் கனவில் கண்டேன்.

இவ்வளவு செய்த மனிதர் ஐஸில் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். விழுந்தார். நேரே விட்டால் தோணி மாதிரி அழகாகப் போவார். தள்ளுவதற்கென்று காலைக் கொஞ்சம் சரித்தால் போதும், அந்தக் கால் அவருக்குச் சொல்லாமல் எங்கேயோ போய்விடும். நிற்பதற்கென்று பாதத்தைத் திருப்பினால் இரண்டு காலும் சேர்ந்து போய்விடும். அவர் பதறமாட்டார். மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்து, "அங்கை லைற் ஒண்டு எரியேல்லை" என்பார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

"கால் பத்தாது ஐசே" என்பார் என்னிடம். ஆண்கள் எல்லாரும் அவருக்கு 'ஐசே'தான். அடுத்த நாள் அரிசி மூட்டையோடு பருப்பு மூட்டையும் ஏறும்.

பிள்ளைகள், இந்த இடத்தில் அப்பா ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

அந்த ஸ்கேற்றை அவருக்கு வாங்கிக் கொடுக்க மார்க்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். யாரோ பாவித்த சோடி. அலகு மழுங்கியிருந்தது. "இது எப்பிடி இருக்கவேணும்?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் தெரிந்தவன் மாதிரி, "கத்தி மாதிரிக் கூராய் இருக்கவேணும் அண்ணை" என்றேன். பதினெட்டு வருடம் மீன் வெட்டிய மனிதரிடம் போய் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? சனிக்கிழமை தோறும் மீன் கத்திகளைத் தீட்டி முடித்துவிட்டு, அதே கல்லில் ஸ்கேற்றையும் இரண்டு பக்கமும் சாய்த்துத் தீட்டினார். ஒரு பேப்பரைப் பிடித்து அந்த அலகாலேயே கிழித்துக் காட்டினார். நானும் "அருமை" என்றேன்.

பெப்ரவரி தொடக்கத்தில் என்னுடைய ஸ்கேற்றைத் தீட்டக் கொடுக்கப் போனேன். அரங்கிலேயே அதற்கென்று ஒருவர் இருந்தார். தீட்டி முடித்து, அலகை என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதில் கூர்முனை ஒன்று இல்லை. நடுவில் மெல்லிய வாய்க்கால் ஓடியது. வாய்க்காலுக்கு இரண்டு கரை. காலைச் சரித்தால் ஒரு கரை ஐஸைக் கடித்துப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் தள்ளுவது, அந்தப் பிடியில்தான் நிற்பது. மீன் அண்ணையின் காலில் கரையும் இல்லை, வாய்க்காலும் இல்லை. அவர் இரண்டு மீன் கத்திகளைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

அன்றைக்கு நான் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. ஏன் என்றால், எட்டுப் பேரில் மோசமானவர் அவர், அவருக்கு அடுத்தது நான். அவர் விழுந்துகொண்டிருக்கும்வரை என்னை ஒருவரும் பார்க்கவில்லை. அவர் எழும்பிவிட்டால் எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பும். அபி, நீயும் மேலே பார்வையாளர் வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

டெஸ்டுக்கு முந்திய ஞாயிறு, உடை மாற்றுகிற அறையில் அவர் ஸ்கேற் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சங்கவி வந்தாள்.

"அப்பா, நீங்கள் மேலை இருந்து பாருங்கோ. இட்ஸ் ஓகே. உங்களுக்கு அண்டைக்கு வேலை எண்டு ரீமுக்குச் சொல்லிட்டன்."

"ஓம் பிள்ளை" என்றார். அவள் போன பிறகு தன்னுடைய தொடையை, வேறு யாருடையதையோ தடவுவது போலத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் கூடச் செய்திருக்கலாம் என்ன?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. கொண்டுதான் போனேன்.

திங்கள் காலை, கடை திறக்கும்போதே போய் நின்றேன். அவர் இடது காலில் நின்றார்.

"அண்ணை, பிழை உங்கடை காலிலை இல்லை. அலகிலை. நான் சொன்னதுதான் பிழை." வாய்க்காலையும் கரையையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வெட்டுவதை நிறுத்தினார். "எப்ப தெரிஞ்சது?"

"மூண்டு கிழமைக்கு முந்தி."

அவர் கையில் இருந்த கத்தி நீளமானது. நான் ஒரு அடி பின்னுக்குப் போனேன். அவருடைய முகம் மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. பனிமூட்டத்துக்குள் சூரியன் வருமே, அந்த மாதிரி.

"அப்ப என்ரை கால் நல்ல கால்?"

"ஓம் அண்ணை. நல்ல கால்."

"ஐசே, என்ரை கால் நல்ல காலாம்" என்று பின்னால் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மூண்டு கிழமை கள்ள மௌனம் இருந்தனீர். நில்லும், அறக்குளாத் தலை ஒண்டு கட்டித் தாறன். மனிசியிட்டைக் குடும், சொதி வைக்கட்டும்" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

டெஸ்ட் அன்று, ஒழுங்காகத் தீட்டிய அலகோடு ஐஸில் இறங்கினார். இரண்டு மாதம் கரையில்லாத அலகை எதிர்த்துத் தள்ளிய கால்கள் அவை. முதலாவது தள்ளலிலேயே அரங்கின் மறுகரைப் பலகையில் போய் மோதினார். அரங்கு அதிர்ந்தது.

"அங்கிள், கொஞ்சமாய்த் தள்ளுங்கோ" என்றாள் ஆர்த்தி.

இரண்டாம் முறை கொஞ்சமாகத் தள்ளினார். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இடது பக்கம் ஒரு தள்ளல், நீண்ட மிதப்பு. வலது பக்கம் ஒரு தள்ளல், நீண்ட மிதப்பு. முழங்கால் மடிந்து, முதுகு தாழ்ந்து, எல்லா நாளும் தனக்கென்று ஒரு கதிரையைக் கூடவே கொண்டுதிரிந்த மனிதர், இப்போது அந்தக் கதிரையில் இருந்தபடியே போனார். ஒரு சத்தம் இல்லை. நேரமும் அவரோடு சறுக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி இருந்தது. கோட்டுக்கு முன்னால் பாதத்தைத் திருப்பினார். நின்றார்.

ஆர்த்தி பேப்பரில் அடையாளம் போட்டாள். அடுத்தது நான். நான் பயந்தது அப்படியே நடந்தது: எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நிற்கமுடியாமல் விழுந்தேன். எட்டுப் பேரில் மேலே இருந்து மட்ச் பார்த்தது நான் ஒருவன்தான்.

அந்த மட்சில் மீன் அண்ணைக்கு ஒரேயொரு முறை பக் கிடைத்தது. அந்தக் கறுப்பு வட்டில் தடியை வைத்து, நடுக்கோட்டிலிருந்து புறப்பட்டார். வழியில் ஒருவரும் இல்லை. எதிரே கோல் வாசலில் சங்கவி, முகமூடியும் கவசமுமாக, சின்ன உருவம். அவர் வேகம் கூடிக்கொண்டே வந்தது. ஆர்த்தி விசிலை வாயில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அம்மாமார் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்தேன். சங்கவி அசையவில்லை.

மகளுக்கு ஒரு முழம் இருக்கும்போது அவர் இரண்டு காலையும் திருப்பினார். ஐஸ் கிழிகிற சத்தம். வெள்ளைத் தூள் விசிறிபோல எழும்பி அவளுடைய முகமூடியெல்லாம் படிந்தது. தூள் அடங்கியபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

சங்கவி எட்டிப் பார்த்தாள். "அப்பா, பக் எங்கை?"

பக் நடுக்கோட்டிலேயே கிடந்தது. அதை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"அதை விடு பிள்ளை" என்றார் மூச்சு வாங்க. "நான் நிண்டனான், கண்டனியே?"

"ஓம் அப்பா, கண்டனான்" என்று சொல்லி, அவள் கோலை விட்டுவிட்டு வந்து அவருடைய வயிற்றில் முகமூடியோடு இடித்தாள். இந்த முறை அவர் விழவில்லை.

எல்லாரும் உடை மாற்றப் போனார்கள். அபி, நீயும் அவர்களோடு போய்விட்டாய். ஐஸைத் துடைத்து மினுக்குகிற வண்டி மறுபக்கத்தில் உறுமத் தொடங்கியது. நான் கீழே இறங்கி, சப்பாத்துக் காலோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, கோல் வாசல் வரைக்கும் போனேன். அவர் நின்ற இடத்தில் ஐஸ் வளைவாகச் சீவப்பட்டு, ஓரத்தில் தூள் குவிந்து கிடந்தது. என்னுடைய பங்குக்கென்று குனிந்து ஒரு பிடி அள்ளினேன். வண்டி வருவதற்குள் அதை வாயில் போட்டுக்கொண்டு, கரையும்வரைக்கும் அங்கேயே நின்றேன்.