எல்லாம் கேட்குது

மண்டையில் துளை போடவும் தலைமயிரை வழிக்கவும் எவனுக்கும் இடம் கொடுப்பதில்லை என்று தம்பிராஜா மாஸ்டர் தீர்மானித்துவிட்டார். யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. முன்பொரு குண்டுவெடிப்பில் உயிர் தப்பியவரின் காதுகள் வருஷத்துக்கு வருஷம் மங்கி, கடைசியில் அடியோடு படுத்துவிட்டன. மண்டையில் துளைத்து உள்காதில் கருவி வைக்கலாம் என்றார் கண்டி டொக்டர். அதற்கு முன் வெளியே மாட்டும் மெசினை ஒரு மாதம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். அதிலேயே கேட்டால் ஆபரேசன் தேவையில்லையாம்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மாஸ்டரிடம் வேறொரு வித்தை இருந்தது. முகத்தைப் பார்த்தால் போதும், உதட்டசைவிலேயே பேச்சைப் படித்துவிடுவார். மெசினில் ஒரு மண்ணும் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாம் கேட்குது என்று மனைவி கமலாசனியிடம் முதல் நாளே அறிவித்துவிட்டார்.

கமலாசனி வாதாடவில்லை. ஆனால் முன்பு நடந்த ஒன்றை அவள் மறக்கவில்லை. பல்லேகல சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் பின்னாலிருந்து நிற்கச் சொல்லிக் கத்த, இவர் தன்பாட்டில் நடந்திருக்கிறார். சுடுவதற்குத் துவக்கு நிமிர்ந்துவிட்டது. கடைக்காரர் தாஸிம் ஓடிப்போய்க் கட்டிப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அந்த நினைப்பு வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

மாதம் முடிந்தது. டொக்டர் முன்னால் மாஸ்டர் புதுமாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவியே ஏதாவது கேட்டுப் பார்க்கட்டும் என்று யோசனையும் அவரே சொன்னார்.

கமலாசனி கதிரையை எதிரே இழுத்துப் போட்டாள். காலையில் என்ன சாப்பாடு என்று கேட்டாள். இடியப்பமும் சொதியும் என்றார். சொதிக்கு உப்பு எப்படி என்றாள். கொஞ்சம் தூக்கல் என்றார், பயமில்லாமல். வெற்றிக் களிப்பில் திரும்பினால், டொக்டர் அவரைப் பார்க்கவில்லை. கமலாசனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கைப்பையைத் திறந்து மெசினின் பற்றரியை மேசையில் வைத்தாள்.

"காலமையே கழட்டிப்போட்டன். இப்பவும் வாயை மட்டும்தான் அசைச்சனான். சத்தம் போடேல்லை."

மாஸ்டர் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார். ஆனாலும் விடவில்லை.

"முகத்தைப் பாத்தால் எனக்கு விளங்குதுதானே. பிறகென்னத்துக்கு ஆபரேசன்?"

கமலாசனியின் கண் கலங்கிவிட்டது.

"பின்னால நிண்டு கத்திறவன்ர முகத்தை என்னெண்டு பாப்பியள்?"

அதையும் அவள் சத்தமில்லாமல்தான் கேட்டாள். அவருக்கு ஒரு எழுத்துத் தப்பாமல் விளங்கியது.

காதிலிருந்த மெசினைக் கழற்றிப் பற்றரிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு டொக்டரிடம், எந்தப் பக்கத்துத் தலைமயிரை வழிக்கப்போறியள் என்று கேட்டார்.