மூன்று புத்தகங்களைத் தின்ற வெள்ளாடு

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் நிறையப் படித்தவை. அதாவது, அப்படிச் சொல்லிக்கொண்டன.

அங்கே தும்பை என்று ஒரு வெள்ளாடு. பிரியாணி ஆவதற்கு முந்தின நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஊரிலிருந்து ஓடி வந்தது. காட்டில் அதற்கு ஒரே வேலைதான். புதுசாக எது வந்தாலும் முதலில் அது தின்று பார்க்க வேண்டும். சாகவில்லை என்றால் மற்றவர்கள் தொடலாம்.

ஒருநாள் சுற்றுலா ஜீப்பிலிருந்து ஒரு பை விழுந்தது. உள்ளே மூன்று புதுப் புத்தகங்கள். ஒன்று அறிவியல், ஒன்று உளவியல், இன்னொன்று வரலாறு. வழக்கப்படி தும்பையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கப்படி தும்பை தின்றது. அட்டையோடு.

மறுநாள், "எப்படி இருக்கு?" என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"அறிவியல் மொறுமொறுன்னு போகுது. உளவியல் முதல்ல வழவழ, அப்புறம் பிடிச்சுக்குது. வரலாறு கொஞ்சம் உப்பு, ஆனா பாதியில விட முடியல. எல்லாருக்கும் சிபாரிசு செய்றேன்."

"ஆகா, என்ன விமர்சனம்!" என்று காடே கைதட்டியது.

மத்தியானம் புலிராசா தும்பையைத் தனியாகக் கூப்பிட்டது. "நான் மட்டும் படிக்கலைன்னா என் மரியாதை என்ன ஆகும்? சாயங்காலம் சபைக்கு மூணு புத்தகமும் வரணும். வரலைன்னா எனக்கு ராத்திரிச் சாப்பாடு நீ."

பிரியாணிக்குத் தப்பி வந்தது, இங்கே மசாலாகூட இல்லாமல் சாவதற்கா? தும்பை யோசித்துக்கொண்டே சபைக்குப் போனது.

சபையில் புலி கேட்டது. "புத்தகம் எங்கே?"

"நரி அண்ணன்கிட்ட இருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னது தும்பை.

நரி அந்தப் புத்தகங்களின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எல்லாரும் பார்க்கிறார்களே! "ஆமா, ஒரே மூச்சுல படிச்சுட்டேன். கரடி மாமாகிட்ட கொடுத்துட்டேன்."

கரடி தேன் நக்குவதை நிறுத்தியது. "நானும் படிச்சேன். மூணாவது அத்தியாயத்துல அழுதுட்டேன்பா."

"எதுல? அறிவியல்லயா?" என்றது ஒரு குரங்கு.

"ஏன்டா, உனக்கு மனசே கிடையாதா?" என்ற கரடி, இன்னும் கேட்பார்களோ என்று பயந்து அவசரமாகச் சொன்னது. "அப்பவே ராசாவுக்கு அனுப்பிட்டேனே! ராசா இன்னும் படிக்கலையா?"

சபை மொத்தமும் புலியைப் பார்த்தது. புலி மீசையைத் தடவியது.

"யாருடா சொன்னது? ரெண்டு தடவை படிச்சேன். சும்மா உங்களைச் சோதிச்சேன்."

தும்பை தப்பித்துவிட்டது. பேசாமல் போயிருக்கலாம். ஆனால் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ, போதும்! யாரும் படிக்கல. மூணையும் நான் தின்னுட்டேன்!"

வேறு கதையாக இருந்தால், உண்மை பேசிய ஆட்டுக்குப் புலி தங்கத்தில் மணி கட்டியிருக்கும். இந்தப் புலி பாய்ந்து அதன் கழுத்தில் காலை வைத்தது. "பொய்க்காரி! நாங்க படிச்சதை நீ எப்படித் தின்ன முடியும்?"

"விடாதீங்க ராசா!" என்றன நரியும் கரடியும்.

நகம் குத்தியதும் தும்பைக்குப் புத்தி வந்தது. "மன்னிச்சிடுங்க. இந்தக் காட்டுலயே நான் ஒருத்திதான் படிக்காதவ. பொறாமையில உளறிட்டேன்."

புலி காலை எடுத்தது. கரடி நிஜமாகவே அழுதது. "பாவம், படிக்காத பிள்ளை" என்றது நரி. தும்பை இனியாவது முன்னேறட்டும் என்று, காட்டுக்கு வரும் ஒவ்வொரு புதுப் புத்தகத்தையும் முதலில் அதற்கே கொடுக்கச் சபை முடிவு செய்தது.

இப்போது தும்பை நன்றாகக் கொழுத்திருக்கிறது. காட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் படித்துவிட்டார்கள்.

நீதி: புத்தகத்தைத் தின்றால் மன்னிப்பார்கள், அவர்கள் படிக்கவில்லை என்று சொன்னால் உன்னைத் தின்பார்கள். வரலாற்றுக்கு மட்டும் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.